மனனமும் பரீட்சையும்: அறிகை ஆய்வு வகுப்பறையை அடைந்த வரலாறு பற்றி

1

நமது கல்வி பற்றிய விவாதங்களில் ஓர் எதிர்நிலை நெடுங்காலமாகவே ஐயத்துக்கிடமின்றி ஏற்றுக்கொள்ளப்பட்டு வந்துள்ளது. ஒருபுறம் மனனம், மறுபுறம் விளக்கம். முன்னது பழைமையின் எச்சமென்றும், பின்னது நவீன கல்வியின் குறிக்கோளென்றும் கொள்ளப்படுகின்றன. சீர்திருத்த அறிக்கைகள், ஆசிரிய கலாசாலை விரிவுரைகள், பத்திரிகைத் தலையங்கங்கள் ஆகிய யாவற்றிலும் இவ்வெதிர்நிலையைக் காணலாம். ஆயினும் நெட்டுருவைக் கண்டிக்கும் அதே சமுதாயம், தன் பிள்ளைகளைப் பாடசாலை முடிந்ததும் ரியூசன் வகுப்புக்கு அனுப்பி, கடந்த ஆண்டுகளின் வினாத்தாள்களுக்கு விடை ஒப்புவிக்கச் செய்கின்றது. கொள்கையில் ஒன்றும் நடைமுறையில் பிறிதொன்றுமாக அமைந்த இம்முரண்பாட்டைத் தனிமனிதரின் போலித்தனமென்று தள்ளிவிடுதல் இயலாது. அதற்கு ஒரு வரலாறு உண்டு.

அண்மைக்கால அறிகை உளவியல் ஆய்வுகள் இவ்வரலாற்றைப் புதிய கண்கொண்டு நோக்க நமக்கு உதவுகின்றன. படித்ததைத் திரும்பத் திரும்ப வாசித்தலைக் காட்டிலும், நூலை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து மீட்டுக் கூறுதலே கற்றலை நிலைபெறச் செய்கின்றது என்பதும், ஒரே அமர்வில் முழுவதையும் கற்பதினும் இடைவெளி விட்டுக் கற்றலே பயன் மிக்கது என்பதும் இவ்வாய்வுகளின் முடிபுகளுட் பெரிதும் உறுதிபெற்றவை. மேலோட்டமாகப் பார்ப்போர்க்கு இவை பழைய மனனத்துக்கு விஞ்ஞானம் வழங்கிய நற்சான்று போலத் தோன்றலாம். அவ்வாறு கொள்வது தவறு என்பதே நம் கருத்து. நினைவில் மீட்டல் கற்றலின் ஒரு வழியாகும். அதே செயல் மனிதரை அளந்து தரம்பிரிக்கும் கருவியாக மாற்றப்பட்டமை சமுதாய வரலாற்றின் விளைவாகும். இவ்விரண்டும் ஒன்றோடொன்று கலந்தமையாலேயே, ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் அறியப்பட்ட உண்மைகள் வகுப்பறையை அடையத் தவறின. இதனை இக்கட்டுரையில் நோக்குவாம்.

2

நமது மரபிலிருந்தே தொடங்குவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரையில் தமிழ் நிலத்தில் எழுத்தறிவு வழங்கிய நிறுவனம் திண்ணைப் பள்ளிக்கூடமாகும். சென்னை மாகாணத்தில் 1822ஆம் ஆண்டு தோமஸ் மன்றோ பணித்த கணக்கெடுப்பு, அம்மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தனவென்று காட்டிற்று. இப்பள்ளிகளில் மாணாக்கர் மணலில் விரலால் எழுத்துக்களை வரைந்து, வாயாற் சொல்லி, பின்னரே ஏட்டுக்குச் சென்றனர். எண்சுவடி கற்கும் பிள்ளை முழு எண்களின் வாய்பாட்டோடு, காணி, மா, கால், அரை, முக்கால் எனும் கீழ்வாய்களின் பெருக்கத்தையும் வாய்ப்பாடமாக அறிந்திருத்தல் வேண்டும். காணி என்பது எண்பதில் ஒரு பங்கு. மா என்பது இருபதில் ஒரு பங்கு. முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. நிலத்தை அளப்பதற்கும் நெல்லைப் பங்கிடுவதற்கும் வட்டி கணிப்பதற்கும் இக்கணக்குகள் நாள்தோறும் தேவைப்பட்டன. எனவே அங்கு மனனம் என்பது வெறும் ஒப்புவிப்பாக மட்டும் இருக்கவில்லை. தாளும் அச்சு நூலும் அரிதான சமுதாயத்தில் நினைவே தொழிலுக்குரிய கருவியாயிற்று.

உ. வே. சாமிநாதையர் (1855–1942) தம் சுயசரிதையில் விவரித்துள்ள திண்ணைப் பள்ளி வழக்கமொன்று இங்குக் கருதத்தக்கது. மாலையிற் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புகையில் உபாத்தியாயர் பூ, பறவை, விலங்கு முதலியவற்றின் பெயர்களைச் சொல்லியனுப்புவார். மறுநாட் காலையில் அவற்றை மறவாது கூறுதல் வேண்டும். ஓர் இரவு இடைவெளி; அதன்பின் நினைவில் மீட்டல். இன்றைய ஆய்வுகூடங்கள் பரிந்துரைக்கும் இரு நெறிகளும் இச்சிறிய வழக்கத்தில் ஒருங்கே அமைந்துள்ளன. முன்னணி மாணாக்கனான சட்டாம்பிள்ளை ஏனையோருக்குப் பாடஞ்சொல்லிப் பின் கேட்கும் முறையும் இவ்வகையினதே. பிறர்க்குச் சொல்லிக்கொடுப்பவன் தானும் மீட்டுக்கொள்கின்றான்.

எனினும் இவ்விடத்தில் இரண்டு எச்சரிக்கைகள் தேவைப்படுகின்றன. முதலாவது, இதனைக் கொண்டு நம் முன்னோர் அறிகை விஞ்ஞானத்தை முன்னரே அறிந்திருந்தனர் என்று பெருமை பேசுதல் ஆய்வுநெறிக்குப் பொருந்தாது. நெடுங்கால அனுபவத்தில் ஒரு பழக்கம் பயன்தருவதாகக் காணப்படுதல் வேறு. அது ஏன், எந்நிலையிற் பயன்தருகின்றது என்று சோதித்தறிதல் வேறு. திண்ணைப் பள்ளியில் நிகண்டின் பொருளுணராமலே நூற்றுக்கணக்கான செய்யுள்களை ஒப்புவித்த பிள்ளைகள் பலர். இரண்டாவது, அப்பள்ளியின் வாயில் யாவர்க்கும் திறந்திருக்கவில்லை. பெண் பிள்ளைகள் மிகச் சிலரே அங்குக் கற்றனர். தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்ட மக்கள் புறத்தே நிறுத்தப்பட்டனர். உள்ளே இருந்தோர்க்கும் பிரம்பும் கோதண்டமும் காத்திருந்தன. ஆகவே அம்மரபை அப்படியே மீட்டெடுத்தல் வேண்டுமென்பது நம் வாதமன்று. அதனுள் இயங்கிய ஒரு செயல்முறையை அதன் சமுதாய உறையினின்றும் வேறுபடுத்திக் காண்பதே நம் நோக்கம்.

3

இத்திண்ணைப் பள்ளி முறையின் ஒரு கூறு ஐரோப்பாவுக்குச் சென்ற கதை சுவையானது, படிப்பினை தருவதுமாகும். ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த மதகுருவாகிய அன்ட்ரூ பெல் 1789இல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண்பிள்ளைகள் அநாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். உள்ளூர்ப் பள்ளியொன்றிற் பிள்ளைகள் மணலில் எழுதிக் கற்பதைக் கண்ட அவர், அம்முறையைத் தம் இல்லத்திற் புகுத்த விழைந்தார். ஆசிரியர்கள் இணங்காமையால், மூத்த மாணாக்கனொருவனைக் கொண்டு இளையோர்க்குக் கற்பித்தார். தாயகம் மீண்டபின் 1797இல் இப்பரிசோதனை பற்றி அவர் வெளியிட்ட நூல் விரைவிற் புகழ்பெற்றது. ஜோசப் லங்காஸ்ரர் இலண்டனில் நடத்திய பள்ளியோடு சேர்ந்து, 'சென்னை முறை' எனவும் 'சட்டாம்பிள்ளை முறை' எனவும் கூறத்தக்க இக்கல்வி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவிற்று.

அது பரவியமைக்குக் காரணம் யாது? பிள்ளையின் உள்ளம் எவ்வாறு கற்கின்றது என்பது பற்றிய அக்கறையன்று. கைத்தொழிற் புரட்சியின் நகரங்களில் திரண்ட ஏழைப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கானோரை ஓர் ஆசிரியரின் சம்பளத்திற் கற்பிக்க அது வழிசெய்தது. சிக்கனமும் ஒழுங்கும் அதன் கவர்ச்சிகளாயின. ஒரு கற்பித்தல் முறை தன் உளவியற் பயனுக்காகவன்றி, ஆளும் வர்க்கத்தின் தேவைக்கு இசைவதனாலேயே ஏற்கப்படுகின்றது என்பதை இவ்வரலாறு முதன்முறையாக நமக்கு உணர்த்துகின்றது.

அடுத்த கட்டம் இதனினும் தெளிவானது. இங்கிலாந்தில் 1862இல் நடைமுறைக்கு வந்த திருத்திய விதிக்கோவை, பாடசாலைக்கு அரசு வழங்கும் நன்கொடையின் பெரும்பகுதியைப் பரிசோதகர் நடத்தும் சோதனையோடு பிணைத்தது. வாசிப்பு, எழுத்து, எண் என்னும் மூன்றிலும் தேறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இவ்வளவு பணம் என்று கணக்கிடப்பட்டது. பேறுகளுக்கேற்பப் பணமளித்தல் எனும் இம்முறை, 1869இற் பொதுப்போதனைத் திணைக்களம் அமைக்கப்பட்டதையடுத்து இலங்கையிலும் இடம்பெற்றது. வகுப்பறையில் நிகழ்ந்த ஒப்புவிப்பு இப்பொழுது வருமானமாகிவிட்டது. பரிசோதகர் வரும் நாளுக்காக வாசிப்பு நூலை எழுத்தெழுத்தாக மனனஞ் செய்வித்தல் ஆசிரியரின் வாழ்க்கைப் பிரச்சினையாயிற்று. தாமே பாடசாலைப் பரிசோதகராயிருந்த கவிஞர் மத்தியு ஆர்னல்ட் இம்முறை கல்வியை இயந்திரமயமாக்கிவிட்டதென்று தம் அறிக்கைகளிற் கண்டித்தார்.

நாம் இன்று வெறுக்கும் நெட்டுரு, திண்ணையிலிருந்து மட்டும் வந்ததன்று. குடியேற்ற ஆட்சியின் கணக்குப் புத்தகத்திலிருந்தும் வந்தது என்பது இதனாற் பெறப்படும்.

4

நினைவைச் சோதனைக்கு உட்படுத்தி ஆராய்ந்த முதல் அறிஞர் ஜேர்மானியரான ஹேர்மன் எபிங்ஹவுஸ் ஆவார். பொருளற்ற அசைகளை ஏறத்தாழ 2,300 அளவிற் தொகுத்துக்கொண்டு, தம்மையே சோதனைப் பொருளாக்கி, 1879 தொடக்கம் அவர் நடத்திய பரிசோதனைகள் 1885இல் நூலாக வெளிவந்தன. கற்றவற்றின் பெரும்பகுதி முதல் நாளிலேயே நழுவிவிடுகின்றது என்பதும், அதன்பின் மறதியின் வேகம் குறைகின்றது என்பதும் அவர் கண்டவை. மீளக் கற்கையில் மிச்சமாகும் உழைப்பைக் கொண்டு அவர் நினைவை அளந்தார். இருபது நிமிடத்தின் பின் 58 வீதமாயிருந்த மிச்சம், ஒரு நாளின் பின் 34 வீதமாகவும், ஒரு மாதத்தின் பின் 21 வீதமாகவும் காணப்பட்டது. பன்னிரண்டு அசைகளைக் கொண்ட வரிசையொன்றை ஒரே அமர்வில் 68 முறை ஓதியதனாற் கிட்டிய பயன், மூன்று நாட்களுக்குப் பகிர்ந்து 38 முறை ஓதியபோதே கிட்டிற்று என்பதையும் அவர் பதிவுசெய்தார். இடைவெளியின் பயன் இவ்வாறு எண்களால் நிறுவப்பட்டது.

இதே அறிஞர் பின்னர்ப் பாடசாலையோடு தொடர்புகொண்ட முறை சிந்தனைக்குரியது. பிறெஸ்லாவ் நகரத்துப் பாடசாலை மாணாக்கரின் களைப்புப் பற்றிய ஆய்வொன்றின் பொருட்டு, வசனங்களில் விடுபட்ட இடங்களை நிரப்பும் சோதனையொன்றை அவர் ஆக்கி 1897இல் வெளியிட்டார். அது மாணாக்கரின் திறன் வேறுபாட்டை நன்கு காட்டிற்று. பிள்ளை எவ்வாறு கற்கின்றது என்று கேட்ட விஞ்ஞானி வகுப்பறைக்குள் நுழைந்தபோது, எப்பிள்ளை கெட்டிக்காரன் என்று கூறும் கருவியையே விட்டுச் சென்றார். பிரான்சில் அல்பிரட் பினே 1905இல் அமைத்த அளவுகோல், தனி உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறிவதற்காகவே எழுந்தது. நுண்ணறிவு மாறாத ஓர் அளவு என்ற கருத்தை அவர் வெளிப்படையாக மறுத்தார். ஆனால் அக்கருவி அத்திலாந்திக்கைக் கடந்ததும், 1916இல் லூயி ரேர்மன் கையில், மனிதரைப் பிறப்பிலேயே வகுத்து நிறுத்தும் கோலாயிற்று. முதலாம் உலகப் போர்க்காலத்தில் ஏறத்தாழ பதினேழு இலட்சம் அமெரிக்கப் படையினர் இத்தகைய சோதனைகளுக்கு உட்படுத்தப்பட்டனர்.

அளத்தற் கலை இவ்வாறு அரசுகளின் ஆதரவோடு வளர்ந்த அதே ஆண்டுகளில், கற்றல் பற்றிய இரு சிறந்த ஆய்வுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தன. ஆதர் கேற்ஸ் 1917இல் பாடசாலைப் பிள்ளைகளைக் கொண்டு நடத்திய ஆய்வு, படிக்கும் நேரத்தின் பெரும்பகுதியை நூலைப் பாராது சொல்லிப்பார்ப்பதிற் செலவிட்டோர், வாசிப்பதிலேயே செலவிட்டோரினும் மிகுதியாக நினைவிற் கொண்டிருந்தனர் எனக் காட்டிற்று. ஹேர்பேட் ஸ்பிற்சர் 1939இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் விரிவானது. அயோவா மாநிலத்தின் ஒன்பது நகரங்களில் 91 பாடசாலைகளைச் சேர்ந்த ஆறாம் வகுப்பு மாணாக்கர் 3,605 பேர் அதிற் பங்குகொண்டனர். மூங்கில் போன்ற பொருள்பற்றிய கட்டுரையைப் படித்தவுடன் வினாக்களுக்கு விடையளித்தோர், பல வாரங்களின் பின்னரும், அவ்வாறு விடையளியாதோரை விஞ்சி நின்றனர். பரீட்சை என்பது கற்றதை அளக்கும் செயல் மட்டுமன்று. கற்பிக்கும் செயலுமாகும் என்று அவ்வாய்வு எடுத்துக்காட்டிற்று. இதனினும் தெளிவான சான்று ஓர் ஆசிரியருக்குத் தேவைப்படாது. ஆயினும் அது உலகின் வகுப்பறைகளை மாற்றவில்லை.

5

ஏன் மாற்றவில்லை என்பதற்கு இரு காரணங்கள் கூறலாம். ஒன்று கோட்பாடு சார்ந்தது. 1913 அளவில் ஜோன் வொற்சன் முன்வைத்த நடத்தைவாதம், உள்ளத்தினுள் நிகழ்வதைப் பற்றிப் பேசுதலே விஞ்ஞானமன்று என்று கூறிற்று. கேம்பிரிட்ஜில் பிரெடரிக் பாட்லற், மனிதர் நினைவுகூர்கையில் தம் பண்பாட்டு அறிவுக்கேற்பக் கதையைத் திருத்தி அமைக்கின்றனர் என்று 1932இல் நிறுவியபோதிலும், அமெரிக்க உளவியலில் அது வேரூன்ற இருபதாண்டுகளுக்கு மேற் சென்றன. 1956இல் ஜோர்ஜ் மில்லர் நம் உடனடி நினைவின் குறுகிய கொள்ளளவைப் பற்றி எழுதினார். 1959இல் நோம் சோம்ஸ்கி ஸ்கின்னரின் மொழிக் கொள்கையைத் தகர்த்தார். அறிகை உளவியல் ஒரு துறையாகத் தலைதூக்கியது.

அது வகுப்பறையை நாடியதும் அரசியற் சூழலிலேயேயாகும். 1957 ஒக்டோபர் 4ஆம் நாள் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை விண்ணுக்கு அனுப்பியதும் அமெரிக்கா திடுக்குற்றது. 1958இல் கல்விக்கென வகுத்த சட்டத்துக்கே தேசியப் பாதுகாப்பின் பெயரை அது சூட்டிற்று. மறு ஆண்டு வூட்ஸ் ஹோல் எனுமிடத்திற் கூடிய விஞ்ஞானிகள் மாநாட்டின் கருத்துக்களை ஜெரோம் புரூனர் 1960இல் நூலாக்கினார். ஒரு பாடத்தின் அமைப்பை உணர்த்துதலே அதனைக் கற்பித்தல் என்ற அவரது கொள்கை, ஆசிரியப் பயிற்சி உலகில் பரந்த செல்வாக்குப் பெற்றது.

அமைப்பை உணர்த்துதல் என்பது அறிவை மனத்தில் ஏற்றுவதற்கு மாறானது என்று பலர் விளங்கிக்கொண்டனர். அறிகை ஆய்வே அதனை மறுத்தது. வில்லியம் சேஸ், ஹேர்பேட் சைமன் ஆகியோர் 1973இற் சதுரங்க வல்லுநரை ஆராய்ந்தனர். ஆட்டத்தில் வரக்கூடிய நிலையைச் சில விநாடிகள் கண்டதும் வல்லுநர் அதனை ஏறத்தாழ முழுமையாக மீள அமைத்தனர். காய்களைத் தாறுமாறாக வைத்தபோதோ அவர்களுக்கும் புதியோருக்கும் இடையிலிருந்த வேறுபாடு மறைந்துவிட்டது. வல்லுநரின் சிறப்பு பொதுவான நினைவாற்றலன்று. பொருளோடு தொகுத்து வைத்த அறிவேயாகும். விளங்கியது நினைவில் நிற்கின்றது. நினைவில் நிற்பது மேலும் விளங்கிக்கொள்ளத் துணைசெய்கின்றது. மனனமும் விளக்கமும் பகைவரென்ற பழைய கற்பனை இங்கு ஆட்டங்காண்கின்றது.

இரண்டாவது காரணம் நிறுவனம் சார்ந்தது. நம் கருத்தில் அதுவே வலியது. வகுப்பறை வினா, பரீட்சை என்னும் பெயரோடு, தேர்ச்சியையும் தோல்வியையும் தீர்மானிக்கும் அதிகாரமாக ஏற்கெனவே உருமாறியிருந்தது. இங்கிலாந்தில் 1944ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் பதினொரு வயதிற் பிள்ளைகளைப் பாடசாலை வகைகளுக்குப் பிரித்த பரீட்சை இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். முற்போக்குக் கல்வியாளர் பரீட்சையை எதிர்த்தமை நியாயமே. ஆனால் அவ்வெதிர்ப்பில், நினைவில் மீட்டல் என்ற கற்றற் செயலும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டது.

6

வாஷிங்ரன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ரோடிகரும் ஜெப்ரி கார்ப்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வு கேற்ஸ், ஸ்பிற்சர் ஆகியோரின் மரபைப் புதுப்பித்தது. ஓர் உரைப்பகுதியை இருமுறை வாசித்தோர் ஐந்து நிமிடத்தின் பின் 81 வீதத்தை நினைவுகூர்ந்தனர்; ஒருமுறை வாசித்து ஒருமுறை மீட்டெழுதியோர் 75 வீதத்தையே கூறினர். ஒரு வாரத்தின் பின்னரோ நிலை தலைகீழாயிற்று. வாசித்தோர் 42 வீதம். மீட்டெழுதியோர் 56 வீதம். மீள வாசித்தல் கற்றுவிட்டோம் என்ற மயக்கத்தைத் தருகின்றது. மீட்டலோ கடினமாகத் தோன்றி நிலைத்த பயனைத் தருகின்றது. இலினோய் மாநிலத்தின் இடைநிலைப் பாடசாலையொன்றிற் சாதாரண வகுப்புக்களிலேயே இது பின்னர்ச் சோதிக்கப்பட்டது. சிறு வினாக்கள் கேட்கப்பட்ட பாடப்பகுதிகளை மாணாக்கர், கேட்கப்படாதவற்றினும் நன்றாக அறிந்திருந்தனர். 2013இல் டன்லொஸ்கியும் பிறரும் பத்துக் கற்றல் முறைகளை மதிப்பிட்டு, மீட்டற் பயிற்சியையும் இடைவெளிப் பயிற்சியையும் முதலிடத்தில் வைத்தனர். கோடிட்டு வாசித்தலும் மீள வாசித்தலும் கடைசியில் நின்றன.

இவ்வாய்வுகளில் அடங்கிய ஒரு நிபந்தனை பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. அங்கு வினாக்கள் சிறியவை. அவற்றின் புள்ளிகள் பிள்ளையின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கவில்லை. தவறிய விடை உடனே திருத்தப்பட்டது. அதாவது மீட்டல், தரம்பிரித்தலினின்றும் விடுவிக்கப்பட்டிருந்தது.

7

நமது நாட்டு நிலையை இதனோடு ஒப்புநோக்குதல் தகும். 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, திண்ணையின் வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கும் வாயிலைத் திறந்தது. யாழ்ப்பாணத்தில் அதற்குச் சற்று முன்னர்தான் வகுப்பறையிற் சம ஆசனத்துக்காகவே போராட வேண்டியிருந்தது என்பதை மறத்தலாகாது. ஆனால் வாயில் விரிந்த அளவுக்கு மேல்தட்டு விரியவில்லை. நல்ல பாடசாலைகளும் பல்கலைக்கழக இடங்களும் அருந்தலாகவே இருந்தன. அவ்வருந்தலைப் பங்கிடும் பொறுப்புப் பரீட்சையின் தலையில் விழுந்தது. ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை பத்து வயதுப் பிள்ளையையே போட்டியில் நிறுத்துகின்றது. 1970களின் முற்பகுதியிற் பல்கலைக்கழக அனுமதியில் வந்த மொழிவாரித் தரப்படுத்தலும், அதனைத் தொடர்ந்த மாவட்ட ஒதுக்கீடும், ஒரு புள்ளி ஓர் இனத்தின் இளந்தலைமுறைக்கு எத்துணைப் பாரமாகும் என்பதைக் காட்டின. இத்தகைய சூழலில், வினா என்றதும் பிள்ளையின் உள்ளத்தில் எழுவது அச்சமே.

இந்நிலையில் அறிகை ஆய்வின் முடிபுகளை மட்டும் பெயர்த்தெடுத்து வந்து, அடிக்கடி சோதியுங்கள் என்று ஆசிரியர்க்குச் சுற்றறிக்கை அனுப்பினால் விளைவு யாதாகும்? வாராந்தப் பரீட்சையும், புள்ளிப் பட்டியலும், வகுப்பில் முதலாம் பிள்ளை கடைசிப் பிள்ளை என்ற அறிவித்தலுமே பெருகும். விஞ்ஞானத்தின் பெயரால் ரியூசன் நிலையங்கள் விளம்பரஞ் செய்யும். பேறுகளுக்கேற்பப் பணமளித்த காலத்தின் பிழையே புதிய ஆடையில் மீளும்.

ஆசிரியர் செய்யத்தக்கது வேறு. பாடத்தின் தொடக்கத்தில், நேற்றும் சென்ற வாரமும் கற்றவற்றுட் சிலவற்றை நூலைப் பாராது எழுதுமாறு யாவரையும் கேட்கலாம். கைதூக்கும் ஒருவரன்றி எல்லோரும் மீட்கும் வாய்ப்பு அதனாற் கிட்டும். புள்ளி இடாமல், விடைகளை உடனே கலந்துரையாடித் திருத்தலாம். ஏன், எவ்வாறு என்ற வினாக்களையும் அவற்றோடு சேர்க்கலாம். இதற்குக் கணினியோ விலையுயர்ந்த சாதனமோ வேண்டுவதில்லை. ஓர் ஆசிரியரே பல வகுப்புக்களைக் கவனிக்கும் தோட்டப் பாடசாலையிலும் இது இயலும். வீட்டிற் படிப்பதற்கு இடமும் ஒளியும் அற்ற பிள்ளைக்கே வகுப்பறையில் நிகழும் இம்மீட்டல் பெரிதும் பயன்படும்.

எனினும் கற்பித்தல் முறையின் திருத்தம் சமுதாய நீதிக்கு ஈடாகாது. பசித்த பிள்ளைக்கும் ஆசிரியரில்லாத வகுப்புக்கும் அறிகை விஞ்ஞானத்தில் மருந்தில்லை. இடங்கள் அருந்தலாயிருக்கும்வரை பரீட்சை ஏதோவொரு வடிவில் தரம்பிரித்துக்கொண்டேயிருக்கும். அதை மாற்றுதல் ஆய்வுகூடத்தின் பணியன்று, மக்களின் பணியாகும். ஆனால் அதுவரை, வகுப்பறையிற் கேட்கப்படும் ஒவ்வொரு வினாவும் அளப்பதற்காகக் கேட்கப்படுகின்றதா, கற்பிப்பதற்காகக் கேட்கப்படுகின்றதா என்பதை ஆசிரியர் தம்முள் வினவிக்கொள்ளலாம். பெல் முதல் எபிங்ஹவுஸ் வரை, ஸ்பிற்சர் முதல் ரோடிகர் வரை நாம் கண்ட வரலாறு இவ்வொரு வேறுபாட்டின் வரலாறேயாகும்.